தனசேகரன் நம்பர்

வடக்கனந்தலில் பாதி ஊருக்கு ஒரே போன் நம்பர்தான். அது தனசேகரனுடைய நம்பர். ரேஷன் கார்டா, கேஸ் புத்தகமா, பேங்க் பாஸ்புக்கா, எதில் தொலைபேசி எண் என்று ஒரு கட்டம் இருந்தாலும் ஜனங்கள் யோசிக்காமல் அவருடைய பத்து எண்ணையும் ஒப்பிப்பார்கள். கையில் ஆளுக்கொரு போன் இருக்கும். ஆனாலும் சர்க்கார் காரியத்துக்குப் பெரிய மனிதர் நம்பர் என்பது ஊர்ப் பழக்கம். ஓடிபி வந்தால் அவர் வாசலில் போய் நிற்க வேண்டும். அவர் காபியைக் குடித்து முடித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எண்களை வாசிப்பதற்குள் அது காலாவதியாகியிருக்கும். மறுபடி முதலிலிருந்து. யாரும் கோபப்பட்டதில்லை. கோபப்பட்டால் அடுத்த ஓடிபிக்கு எங்கே போவது?

தனசேகரன் சாதிச் சங்கத்தின் ஒன்றியச் செயலாளர். கொரோனா ஆண்டின் கடைசியில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடி சூடுபிடித்தபோது, ஊரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் அவர் முகம்தான் கைகூப்பிக்கொண்டிருந்தது.

அம்சவள்ளிக்கு அந்தச் சுவர்களைப் பார்க்க நேரமில்லை. குத்தகைக்கு எடுத்த நிலத்தில் மரவள்ளிக்குக் களையெடுத்துக்கொண்டு, வளைகுடாவில் சிக்கிக்கொண்ட புருஷனை நினைத்துக்கொண்டு கிடந்தாள். ராஜாங்கம் அங்கே கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிற வேலைக்குப் போனவன். ஊரடங்கில் கம்பெனியை இழுத்துப் பூட்டினார்கள். முதலாளி பாஸ்போர்ட்டுகளோடு காணாமல் போனான். பிறகு வேறொருவனிடம் கூலிக்குப் போய், அக்டோபரில் சாரத்திலிருந்து விழுந்தான். தொடை எலும்பு முறிந்தது. அங்கே பிளேட் வைத்துத் தைத்து அனுப்பிவிட்டார்கள். தையல் ஆறவில்லை, சீழ் பிடித்தது. அவனுடைய போன் அவனோடு விழுந்து உடைந்துபோனதால், ஞாயிற்றுக்கிழமைதோறும் அறைத் தோழனின் போனில் பேசுவான்.

"ஊருக்கு வந்தா கால காப்பாத்திக்கலாம்னு சொல்றாங்க. எப்டியாவது வந்துடணும்" என்பான். அவளுக்கும் அது ஒன்றுதான் கவலை, அந்தக் கால்.

நம் தூதரகம் அவர்களைக் கைவிடவில்லை. உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். தூதரகம் அனுப்பிய தொண்டர்கள் அறை அறையாக அரிசியும் பருப்பும் கொண்டுவந்து வைத்தார்கள். பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு ஊர் திரும்ப ஒரு தாள் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே அதை அவுட் பாஸ் என்பார்கள். டிக்கெட்டுக்கு வழியில்லாதவர்களுக்கு டிக்கெட்டும் போட்டார்கள். விமானத்தில் இடம் குறைவு, காத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில். ஆகவே கர்ப்பிணிகள், நோயாளிகள் என்று வரிசை வைத்தார்கள். அந்த வரிசையில் சேரத்தான் அம்சவள்ளி கள்ளக்குறிச்சி போய் இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டாள்.

"இந்தியாவில் தொடர்புகொள்ள வேண்டிய நம்பர் சொல்லுங்கக்கா" என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தேவிப்ரியா.

அம்சவள்ளி தனசேகரன் நம்பரைச் சொன்னாள். கையில் ராஜாங்கம் வாங்கிக்கொடுத்த போன் இருந்தது. ஆனால் தூதரகத்திலிருந்து இங்கிலீஷில் பேசினால் இவள் என்ன பதில் சொல்வாள்? அண்ணன் என்றால் பேசுவார். அந்த ஒரு கட்டத்தில் அவள் வைத்த நம்பிக்கையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நவம்பர் கடைசித் திங்கட்கிழமை தூதரகத்திலிருந்து போன் வந்தது. இங்கிலீஷில் இல்லை, நல்ல தமிழில் ஒரு பெண் அதிகாரி பேசினார். வியாழக்கிழமை விமானத்தில் ராஜாங்கத்துக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது. நடக்க முடியாத நோயாளி என்பதால் சென்னையில் வந்து பொறுப்பேற்பவர் பெயரும் ஆதார் நகலும் நாளை மாலைக்குள் வேண்டும். வராவிட்டால் அடுத்த நோயாளிக்கு இடம் போய்விடும்.

தனசேகரன் அப்போது மறுநாள் சென்னைப் போராட்டத்துக்காக வேனில் போய்க்கொண்டிருந்தார். "சரிங்க மேடம், சொல்லிட்றேங்க" என்று வைத்துவிட்டார். அங்கிருந்தே அம்சவள்ளியைக் கூப்பிட்டிருக்கலாம். அரை நிமிஷ வேலை. ஆனால் போனில் சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியும்? வழியில் சுங்கச்சாவடியில் போலீஸ் மடக்கி, எல்லோரையும் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தது. மண்டபத்திலும் போன் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. ஊர் திரும்பியதும் வியாழக்கிழமை வரவேற்புக் கூட்டம். மேடையில் வைத்து, "நம்ம ராஜாங்கத்த ஊருக்குக் கொண்டாரப் போறோம்" என்று அறிவிக்கலாம் என்று மனதுக்குள் முடிவு கட்டினார். நாளை மாலை என்ற கெடுவை அவர் கேட்காமல் இல்லை. தாலுகா ஆபீஸில் எத்தனை கெடுவைப் பார்த்தவர் அவர். இரண்டு நாள் தள்ளிப்போய் நின்றால் வாங்கிக்கொள்ள மாட்டார்களா?

தூதரகத்தில் இரண்டு தரம் மறுபடி அழைத்திருக்கிறார்கள். பேச்சுக்கு நடுவே தொல்லை என்று அவர் சைலண்டில் போட்டிருந்தார். வியாழக்கிழமை விமானம் வேறொரு நோயாளியோடு பறந்தது. இடம் போனது தெரிந்ததும் தனசேகரன் மேடையில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ராஜாங்கம் போன் செய்தான். எப்போதும் போலக் கால் வலியைப் பற்றிப் பேசவில்லை.

"பொட்டியெல்லாம் கட்டி வெச்சிக்கினு உக்காந்துனு இருந்தேன்" என்றான். "வூட்ல யாரும் பொறுப்பேத்துக்கலன்னு சொல்லிட்டாங்க. ஏன் அம்சா, நொண்டி வந்து இன்னா பண்ணப் போறான்னு நெனச்சிட்டியா?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. போனை வைத்ததும் நேரே தனசேகரன் வீட்டுக்கு நடந்தாள்.

"ஆமா, போன் வந்துச்சு" என்றார் அவர், ஊஞ்சலில் இருந்து எழாமல். "கூட்டத்துல சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவசரப்பட்டுட்டானுங்க. இன்னா இப்போ, அடுத்த பிளைட்ல வரப்போறான்."

"அவரு நான் வேணாம்னு சொன்னதா நெனச்சிக்கினு கீறாரு அண்ணா. நீங்க ஒரு வார்த்த அவர்கிட்ட சொல்லணும்."

"சொல்லிக்கலாம் போ."

மறுநாள் தேவிப்ரியாவிடம் தூதரகத்து எண்ணை வாங்கித் தானே பேசினாள். அதே பெண் அதிகாரி எடுத்தார். அழ விட்டு, பொறுமையாகக் கேட்டார். "இனிமே உங்க நம்பர குடுங்கம்மா" என்றார். அதற்குப் பிறகு நாலு தரம் அவரே கூப்பிட்டார். இடையில் ராஜாங்கத்துக்குக் கொரோனா வந்து தனிமையில் வைத்தார்கள், விமானம் இரண்டு முறை ரத்தானது. பிப்ரவரியில் ஒருவழியாக இடம் கிடைத்தது. அம்சவள்ளி வண்டி பேசிக்கொண்டு தனியாகவே மீனம்பாக்கம் போய், சக்கர நாற்காலியில் வந்த புருஷனை வாங்கிக்கொண்டு வந்தாள். வழிநெடுக அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். நடந்ததை எல்லாம் அவள் சொன்னாள். அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் படத்தைப் பார்த்த டாக்டர், "சீழ் எலும்புக்குள்ள போயிடுச்சு. டிசம்பர்லயே வந்திருந்தா கால நேராக்கியிருக்கலாம்" என்றார். கால் நாலு விரல்கடை கட்டையாகிவிட்டது. இனிக் கோலோடுதான்.

அதே சமயத்தில் ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறியது. ஊரே வெடி வெடித்தது. அந்தச் சட்டம் அதே வருஷம் கோர்ட்டில் அடிபட்டுப் போனது வேறு விஷயம். அன்றைக்குத் தனசேகரன்தான் ராஜா. வெற்றிக் கூட்ட மேடையில் ராஜாங்கத்தை நாற்காலியோடு தூக்கி வைத்து, சால்வை போர்த்தி, கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"கட்ன பொண்டாட்டியே வேணாம்னு சொன்னப்ப, என்னைக் கைவுடாம ஊருக்குக் கொண்டாந்தது தனசேகர் அண்ணன்தான்" என்றான் ராஜாங்கம். கூட்டம் கை தட்டியது. தனசேகரன் தலை குனிந்து அடக்கமாகச் சிரித்தார். மறுக்கவில்லை. அம்சவள்ளி பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அருகிலிருந்த பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு மெல்லத் தள்ளி உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில், அவள் அவன் காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தூதரகத்து அதிகாரி.

"நல்லா இருக்காராம்மா? பக்கத்துல இருந்தா குடுங்க, ரெண்டு வார்த்தை பேசறேன்."

அம்சவள்ளி போனைக் கையால் பொத்திக்கொண்டு அவனிடம் நீட்டினாள். "அந்த மேடம்தான். அன்னிக்கு போன எடுத்தது யாருன்னு நீங்களே கேட்டுக்குங்க. என் வாயால வந்தாதான நம்ப மாட்டீங்க."

அவன் போனை வாங்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எனக்குத் தெரியும். வந்த மறாநாளே அண்ணன் வந்து சொல்லிட்டாரு. மனசுல வெச்சிக்காதன்னாரு."

ஒத்தடத் துணி அவள் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சிக்கினேதான் மேடையில அப்டி சொன்னீங்களா?"

"வேற இன்னா சொல்றது? நாளைக்கு ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு அவரு கையிலதான் போய் நிக்கணும். இந்தக் கால வெச்சிக்கினு அவரப் பகைச்சிக்க முடியுமா? நீ வூட்டுப் பொம்பள. பழி ஒண்ணு ஜாஸ்தி வந்தாலும் தாங்கிக்குவ."

அவள் அவனையே பார்த்தாள். இத்தனை மாதம் அவன் நம்பவில்லையே என்றுதான் அழுதுகொண்டிருந்தாள். நம்பாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

போனுக்குள் அதிகாரி கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் காதில் வைத்துக்கொண்டாள்.

"அவரு பேசலியாம்ங்க மேடம்."

"பரவாயில்லம்மா. வந்து சேர்ந்துட்டார்னு எழுதி ஃபைல மூடிடறேன். குறை ஏதாவது இருந்தா சொல்லுங்க, அதையும் எழுதிக்கறேன்."

"உங்க மேல ஒரு குறையும் இல்லீங்க" என்றாள் அம்சவள்ளி.