கறுப்பு ஏறாத தாள்கள்

மருத்துவ நுழைவுத் தேர்வின் முடிவு வந்த மறுநாள் காலை என் மகன் வீட்டைவிட்டுப் போய்விட்டான். போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனதுதான் எங்களைக் கலக்கியது. கணவர் மேட்டுப்பாளையம், கோத்தகிரி என்று தேடி அலைந்தார். கம்ப்யூட்டர் சென்டரில் பிரிண்ட் எடுத்து மார்க்கெட் சுவரில் நான் ஒட்டிய படங்கள் ஒரே மழையில் கரைந்து, அவன் முகம் தாடைவழியாக ஒழுகியிருந்தது. ஆப்செட் மை மழைக்குக் கரையாது என்றார்கள். அப்படித்தான் ஊட்டியில் அந்த அச்சகத்துக்குப் போனேன்.

ஒரு கணவனும் மனைவியும் அதை நடத்தினார்கள். மெஷின் அவருடையது; கம்ப்யூட்டரும் காகிதம் வெட்டுவதும் அவளுடையது. அச்சுத் தகடுகள் நாலும் கோயம்புத்தூரில் தயாராகி, செய்தித்தாளில் சுருட்டிக் காலை பஸ்ஸில் வந்திருந்தன. பிரித்ததும் நாலிலும் அவன் முகம். எதிலும் வண்ணம் இல்லை.

"எது எந்தக் கலர்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். எதையாவது கேட்டுக்கொண்டிருந்தால் போனைப் பார்க்காமல் இருக்கலாம்.

"ஓரத்துல இங்கிலீஷ் எழுத்து இருக்குதுங்க டீச்சர். ஒய்னா மஞ்சள், எம்னா மஜெந்தா, அது ஒரு செவப்பு. சீன்னா சயான், நீலமுங்க. கேன்னா கறுப்பு. நம்மளது ஒத்தைக் கலர் மெஷினு. ஒவ்வொண்ணா நாலு ஓட்டம் ஓட்டோணும்."

"டீச்சருக்கே பாடம் எடுக்கறாரு பாருங்க," என்றாள் மனைவி. "பத்தாவதையே மூணு தடவை எழுதுன ஆளு."

சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. நான் காதில் விழாததுபோல் இருந்தேன்.

முதலில் மஞ்சள். தாளில் ஏதோ கறைபோல இருந்தது. கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் முகம். மஜெந்தா ஏறியதும் காய்ச்சலில் கிடப்பவன்போல் சிவந்தான். ஈரக் காற்றில் தாள் விரிந்திருந்ததால் இரண்டு கலரும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராமல் உதடு இரட்டையாகத் தெரிந்தது. "ரிஜிஸ்டர் வெலகுது," என்று முனகிக்கொண்டே அவர் மெஷினை நிறுத்தி, தாளின் மூலையிலிருந்த கூட்டல் குறிகளை லென்ஸ் வைத்துப் பார்த்தார். அவர் திருகாணியைத் திருகத் திருக, மகன் இன்னும் தூரமாகப் போய்க்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது.

சயான் ஏறியதும் அவனுடைய நீல ஸ்வெட்டர் வந்தது. ஆனால் தலைமுடி பழுப்பாக, கண்மணிகள் வெளுத்து இருந்தன. எழுத்தும் போன் நம்பரும் கறுப்பில்தான் வர வேண்டும்.

கறுப்புத் தகட்டை அவர் தூக்கிப் பிடித்தபோதுதான் பார்த்தேன். படத்தைச் சுற்றிக் கனமான சட்டம். கீழே இரு பக்கமும் குத்துவிளக்கு.

"இது என்னங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். அதற்கு முந்தைய வேலை ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இந்த ஊரில் பாதி வேலை அதுதான். அந்த ஃபைலிலேயே படத்தையும் எழுத்தையும் மாற்றியவள் சட்டத்தை எடுக்க மறந்திருக்கிறாள். மாதிரி என் போனுக்கும் வந்தது. நம்பர் சரியா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்றிருந்தேன்.

"வேற பிளேட் போட்டா நாளைக்குத்தானுங்க வரும்," என்றார்.

"இப்படியே ஓட்டினால்?"

"செத்துட்டான்னு நெனச்சுப் படிக்காமத் தாண்டிப் போயிருவாங்க."

"வாயைக் கழுவுங்க மொதல்ல," என்றாள் அவள்.

அவர் தகட்டில் வேண்டாததை அழிக்கும் மருந்தைப் பஞ்சில் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தார். விளக்குகள் போயின. சட்டத்தை ஒட்டித்தான் போன் நம்பர். கை நழுவினால் ஓர் எண் போய்விடும். அவர் மெல்லத் துடைத்துக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. கணவர். முதலில் அழுகை மட்டும்தான் கேட்டது. நான் அந்தச் சட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உசுரோட இருக்கான்," என்றார் பிறகு. "கூடலூர்ல ஒரு ஓட்டல்ல எலை எடுத்துட்டு இருந்திருக்கான்."

அச்சகக்காரர் பஞ்சைக் கீழே வைத்தார். அவர் மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பக் கறுப்பு ஓட்ட வேண்டாமுங்க," என்றார்.

அடுக்கியிருந்த தாள்களை என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

"வெச்சுக்குவோமுங்க. அடுத்த வேலைக்கு மெஷினை செட் பண்றப்ப இது மேலதான் ஓட்டிப் பாப்போம். நல்ல தாளு வீணாகாது."

அடுத்த வேலை எதுவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லாம் எனக்கு வேண்டும் என்றேன்.

"ஈரமுங்க டீச்சர். சீலையில ஒட்டிக்கும்."

ஒட்டிக்கொண்டது. தாள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டுதான் கூடலூர் பஸ்ஸில் ஏறினேன்.

அவன் இப்போது பக்கத்து அறையில் இருக்கிறான். சாப்பிடுகிறான், கேட்டால் பதில் சொல்கிறான். கதவைத் தாழிடாதே என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். தாள் கட்டு என் அலமாரியின் மேல் இருக்கிறது. பழைய பேப்பருக்குப் போட முடியாது. எரித்துவிடு என்றார் கணவர். ஒரு நாள் வெளியே எடுத்துப் போய்த் தீக்குச்சியும் கிழித்தேன். மேல் தாளில் அவன் வெளுத்த கண்களோடு பார்த்துக்கொண்டிருந்தான். குச்சியை அணைத்துவிட்டேன்.

அவன் அறையிலிருந்து சற்று நேரம் சத்தம் வரவில்லை என்றால், டீ கொண்டுவரட்டுமா என்று கேட்டுக்கொண்டே போய்க் கதவைத் தள்ளிப் பார்க்கிறேன்.