பள்ளம் இல்லாத கதவு

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, எங்கள் கார்க் கதவில் விழுந்த பள்ளத்தை எடுத்தது. சனிக்கிழமை காலை. வாசலில் காரை நிறுத்தி, கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றிவிட்டு மண்டியிட்டிருந்தார். நான் விளக்கைப் பிடித்தேன்.

"இன்ஜினியரம்மா, வெளிச்சத்தக் கதவுல அடிங்க. என் மூஞ்சியில பள்ளம் ஒண்ணும் இல்ல."

"நாலஞ்சு இருக்கேப்பா."

"அதெல்லாம் உங்கம்மா போட்டது. தட்டினாலும் நிமிராது."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது," என்றாள் அம்மா, ஜன்னலுக்கு உள்ளிருந்து.

அதற்கு நான்கு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை மாலை, பட்டறையிலிருந்து திரும்பும்போது சந்திலிருந்து வேகமாக வந்த ஒரு சிவப்புக் கார் அவர் பக்கக் கதவில் மோதியது. அவர் தலை கதவுச் சட்டத்தில் இடித்தது. சிவப்புக் கார்க்காரர் பதறி இறங்கியிருக்கிறார். அடிபட்ட அப்பா, இடித்தவரைத் தேற்றியிருக்கிறார். "ஒண்ணும் இல்ல தம்பி. நானே டிங்கர்தான். இது எனக்கு ஒரு காலை வேலை. பாத்துப் போங்க." அந்த ஆள் வற்புறுத்தித் தன் முகவரி அட்டையை அவர் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போனார்.

போலீசில் எழுதி வைக்கவில்லை. படம் எடுக்கவில்லை. டாக்டரைப் பார்க்கவில்லை. காதுக்கு மேலே வீங்கியிருந்ததை என்னிடம் மட்டும், விளக்கு வெளிச்சத்தில் காட்டினார்.

"டாக்டர்கிட்ட போலாம்பா."

"இது தட்டி எடுக்கற பள்ளம் இல்லம்மா. மேடு. தானா இறங்கிரும். உங்கம்மாகிட்ட சொல்லாத, ஊரக் கூட்டிருவா."

நான் சொல்லவில்லை.

முப்பத்தெட்டு வருடம் நசுங்கிய கார்களை நிமிர்த்தியவர். நான் பிறந்த அன்று அம்மாவிடம் முதலில் பேசியது, ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஆம்புலன்சின் நசுங்கிய கதவைப் பற்றித்தானாம். தெருவில் யார் வண்டியில் பள்ளம் தெரிந்தாலும் அவருக்குக் கை ஊறும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைத் தகட்டின் மேல் ஓட்டுவார். "கண்ணு பொய் சொல்லும். கை சொல்லாது" என்பார். பள்ளத்தை அரைகுறையாகத் தட்டிவிட்டு மீதியைப் பட்டி வைத்து நிரப்புகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. மேக்கப்காரர்கள் என்பார். அவரோடு இருபது வருடம் வேலை பார்த்த பெயின்டர் சொல்வார்: "உன் கூட இருந்தா எனக்குப் பட்டி டப்பா காஞ்சே போயிருதுய்யா."

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான். மதியத்துக்குள் கதவு நிமிர்ந்துவிட்டது. மேலே சாம்பல் நிறப் பிரைமர் அடித்தார். கதவின் குறுக்கே ஓடும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டை மட்டும் மோதலில் இரண்டாக உடைந்திருந்தது. அதை ஒட்டவைக்க முடியாது. "திங்கக்கிழமை பழைய சாமான் கடைக்குப் போய் இதே மாதிரி ஒண்ணு வாங்கியாரேன்," என்றார்.

இரண்டு வாரம் கழித்துத் தலைவலி என்றார். கண்ணாடி மாற்ற வேண்டும் என்றார். ஐந்தாவது வாரம் பட்டறையில் ஒரு காரின் பானெட்டைத் தடவிப் பார்த்து, "சரியா இருக்கு, பெயின்ட் அடி," என்றிருக்கிறார். விரல் புதையும் பள்ளம் அங்கே இருந்தது. பெயின்டர் ஒன்றும் சொல்லாமல் பட்டி வைத்து நிரப்பிவிட்டார். "அவர்கிட்ட போய் எப்படிம்மா சொல்றது," என்று பிறகு என்னிடம் அழுதார்.

ஆறாவது வாரம், காலை பத்து மணிக்கு, பட்டறையில் உட்கார்ந்தபடியே சாய்ந்தார். மண்டைக்குள் மெல்ல மெல்ல இரத்தம் கசிந்து தேங்கியிருக்கிறது. சமீபத்தில் தலையில் அடி பட்டதா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இல்லை என்றாள் அம்மா. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் போய்ச் சேர்வதற்குள் அதை எழுதிவிட்டார்கள். இரண்டாம் நாள் போய்விட்டார்.

இடித்தவரின் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்த பதில் ஒரு பக்கம். நடந்தது லேசான உரசல். தலையில் அடி என்று எந்தப் பதிவும் இல்லை. வீட்டில் எங்காவது வழுக்கி விழுந்திருக்கலாம்.

அம்மா அந்தக் காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். "அவர் எங்கேயும் வழுக்கி விழல. நான் தொடச்ச தரையில யாரும் விழுந்ததில்ல. இடிச்சதாலதான் போனாருன்னு அவங்க எழுதித் தரணும். அது போதும் எனக்கு."

வக்கீல் பெண்மணி பொறுமையானவர். கேள்விகளாகவே கேட்டார். நாலு பக்கமும் படம் எடுத்தீங்களா? பாத்தவங்க யார் நம்பராவது வாங்கினீங்களா? அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டி எழுதி வாங்கினீங்களா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"வண்டி? அது அப்படியேதான நிக்குது?"

"அப்பா சரி பண்ணிட்டார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "ஒண்ணும் இல்லன்னு வாயால சொல்லிட்டு, கையால அதையே நிரூபிச்சிட்டும் போயிருக்கார்."

நான் பெயின்ட் சோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். தகட்டின் மேல் பூச்சு எத்தனை தடிமன் என்று அளக்கும் கருவி என் பையிலேயே இருக்கும். பெரிய அடி வாங்கிய கதவில் பட்டி இருக்கும். பட்டி இருந்தால் கருவி காட்டிக்கொடுக்கும். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து மதிப்பிட வந்தவர் பக்கத்தில் நிற்க, கதவில் முப்பது இடத்தில் அளந்தேன். எங்கும் பிரைமர் கனத்துக்கு மேல் ஏறவில்லை. அப்பா ஒரு இடத்தில்கூடப் பட்டி வைக்கவில்லை.

"இது அடி வாங்கின கதவு மாதிரியே தெரியலையே மேடம்," என்றார் அவர்.

"தட்டினவர் அப்படி."

"நல்ல கை," என்று எழுதிக்கொள்ளாமல் சொன்னார்.

அவர் போன பிறகு காரின் பின்பக்கத்தைத் திறந்தேன். ஸ்டெப்னிக்கு அடியில், அந்தச் சனிக்கிழமைச் செய்தித்தாளில் சுற்றி, உடைந்த பட்டை இருந்தது. அளவு காட்டி வாங்குவதற்காக எடுத்து வைத்திருக்கிறார். முறிந்த இடத்தில் நகத்தின் அகலத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அப்பியிருந்தது. லேசாக உரசினால் இந்தப் பட்டை முறியாது. வளையும். எவ்வளவு வேகத்துக்கு முறியும் என்று கூடத்தில் சோதித்துச் சொல்ல முடியும். ஆனால் என் கையால் செய்தால் செல்லாது. பட்டையைத் துடைக்காமல் உறையில் போட்டு வக்கீலிடம் கொடுத்தேன். வேறு கூடத்துக்கு அனுப்புகிறேன் என்றார். போதுமா என்று கேட்டேன். "ஒண்ணுமே இல்லாம இருந்ததுக்கு இது பரவாயில்ல," என்றார்.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னாலும் எந்தப் படிவத்திலும் அதற்கு இடம் இருக்காது. அடுத்தவன் வண்டியில் பள்ளம் பார்த்தாலே நிலைகொள்ளாத மனிதர், தன் கதவைப் பட்டையில்லாமல் ஐந்து வாரம் விட்டிருந்தார். பழைய சாமான் கடை, பட்டறைக்குப் போகும் வழியில்தான். திங்கட்கிழமை போகிறேன் என்றார். பிறகு அடுத்த திங்கள். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. நான் தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன்.

நேற்று பழைய சாமான் கடைக்காரர் அப்பாவின் எண்ணுக்குக் கூப்பிட்டார். நான் எடுத்தேன்.

"மாஸ்டர் கேட்ட பட்டை வந்து ஒரு மாசம் ஆச்சும்மா. ஆளையே காணோம். எடுத்து வைக்கவா, வித்துரவா?"

"எடுத்து வைங்கண்ணா," என்றேன்.