துண்டு போட்ட இடம்

ஆலங்காயம் பஸ் நிலையத்தில் காலை ஏழு மணிக்கு அக்காவிடமிருந்து பதினான்கு வீடியோக்கள் வந்து விழுந்தன. மலைப்பாதையில் சிக்னல் போய்விடும். எல்லாவற்றையும் போனில் இறக்கிக்கொண்டு ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

அக்கா கலிபோர்னியாவில் இருக்கிறாள். அம்மாவும் அப்பாவும் அவளைப் பார்க்கப் போயிருந்தார்கள். ரெட்வுட் என்ற ராட்சத மரங்களின் காட்டுக்குள் ஓடும் பழைய நீராவி ரயிலில் அவர்களைக் கூட்டிப்போகச் சொன்னது நான்தான். மெக்கானிக்கல் படித்தவள், கல்லூரி நாளிலிருந்தே அந்த எஞ்சின்மேல் எனக்குப் பைத்தியம். நானும் போயிருக்க வேண்டியது. ஆனால் மலையில் எங்களுக்குப் பதினோரு புளிய மரங்கள் இருக்கின்றன. புளி உலுக்கும் நாளில் முதல் தட்டு வீட்டு ஆள் கையால்தான் விழ வேண்டும்; அதுவரை வேலைக்கு வந்தவர்கள் உலுக்குகிற கொம்பைத் தொட மாட்டார்கள். வீட்டு ஆள் என்று மிச்சம் இருந்தவள் நான்.

அதனால் ஒரு பட்டியல் எழுதி அக்காவுக்கு அனுப்பினேன். ஒன்று, இடது பக்கம் உட்காரவும். பெரிய மரங்கள் அந்தப் பக்கம். இரண்டு, எஞ்சினின் பல்சக்கரங்களைக் காட்டவும். வெட்டிய மரங்களை இழுப்பதற்கென்றே செய்த எஞ்சின், அதனால்தான் அந்தச் சரிவில் ஏறுகிறது. மூன்று, ஓரிடத்தில் ரயில் பின்னோக்கிப் போகும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லவும். இப்படிப் பத்தொன்பது.

முதல் வீடியோவில் அப்பா, ரயிலுக்கு வெளியே நின்றபடியே தோள்துண்டை இடது பக்க பெஞ்சில் வீசி இடம் பிடித்தார்.

"மானம் போவுது, எடுங்க," என்றாள் அம்மா.

"சும்மா இரு. எவனாச்சும் குந்திடுவான்."

கூரையில்லாத அந்தப் பெட்டியில் மொத்தம் ஆறு பேர்தான் இருந்தார்கள். நான் சிரித்தேன்.

நான்காவது வீடியோவில் அக்கா பேசினாள். பல்சக்கரம், சரிவு, தீயைத் தாங்கும் மரப்பட்டை. என் வரிகள், என் வரிசையில்.

"பெரியவளுக்கு எவ்ளோ வெவரம் பாத்தியா!" என்றார் அப்பா.

அக்கா சிரித்தாள். மறுக்கவில்லை. அந்தச் சிரிப்பை மூன்று முறை திருப்பி ஓட்டிப் பார்த்தேன்.

பக்கத்து சீட்டில் இருந்த மலைக்கார அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னா மரம்மா அது, இம்மாம் ஒசரம்? எப்டி உலுக்குவாங்க?"

"உலுக்க மாட்டாங்கம்மா. சும்மா பாப்பாங்க."

"பாக்கறதுக்கா ரயிலு வுட்டிருக்கான்? யாரு பேசறது? வெவரமா சொல்லுதே."

"எங்க அக்கா. ஆனா அதெல்லாம் நான் எழுதிக் குடுத்தது."

"அப்ப நீ ஏன் போவல?"

"புளி உலுக்கணும்."

"அதுவும் சரிதான்," என்றார். அந்தச் 'சரிதான்' கேட்டு எனக்கு எரிந்தது.

ஜமுனாமரத்தூரில் இறங்கியதும் சிக்னல் வந்தது. அப்பாவுக்குத் தட்டினேன்: "அக்கா ரயில்ல சொன்னதெல்லாம் நான் எழுதினது." யோசிப்பதற்குள் அனுப்பியும்விட்டேன்.

உடனே குரல் பதிவு வந்தது. "தெரியும்மா, வூட்டுக்கு வந்ததுமே அக்கா சொல்லிட்டா. அந்த எடது பக்கம் இருக்கு பாரு, அடேங்கப்பா! புளி உலுக்க ஆரம்பிச்சாச்சா?"

திருட்டு என்று கோபப்படவும் வழியில்லாமல் அக்கா நல்லவளாக இருந்துவிட்டாள். பேர் எனக்கு வந்துவிட்டது. பொறாமை மட்டும் அப்படியே இருந்தது. பேர் கிடைத்த பிறகும் எனக்கு வேண்டியிருந்தது, அந்தத் துண்டு கிடந்த இடம்.

தோப்பில் எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். கொம்பை வாங்கி முதல் தட்டுத் தட்டினேன், தேவைக்கு மேலேயே பலமாக.