பெரிதாக்கிப் பார்க்காத கடை

ஆசானுடைய மானிட்டரின் தலையில் எப்போதும் ஓர் ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருக்கும். பதினைந்து அங்குலத் திரை. துண்டின் நுனி இறங்கி மேல் ஓரத்தில் கொஞ்சத்தை மறைத்துவிடும். அதை விலக்கக்கூட எங்களுக்கு அனுமதி கிடையாது. வாளையாரில் நெடுஞ்சாலையை ஒட்டி லாரிகளுக்கு ஸ்டிக்கர் அச்சிட்டு ஒட்டும் பட்டறை அது. முகப்பில் தமிழ், முதுகில் மலையாளம் என்று எல்லை தாண்டும் வண்டிகளுக்கு இரண்டு எழுத்திலும் பெயர் போடுவோம். பட்டறைத் தலைவரை ஆசான் என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவரிடம் நான் எதையும் கற்றுக்கொண்டதாக நினைவில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

அந்தக் கடையில் எந்தப் படத்தையும் பெரிதாக்கிப் பார்க்க மாட்டார்கள். பெரிதாக்கினால் கம்ப்யூட்டர் உறைந்துபோகும். மறுபடி போட்டு எழுப்புவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். அதனால் லாரியின் முதுகு முழுக்க வரப்போகும் படத்தையும் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கித்தான் பார்ப்போம். ஆசான் தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடுவார். "நல்லாத்தான இருக்குது. பிரிண்ட் போடு" என்பார். பெயர், பூ, புலி, கழுகு என்று வந்தவரைக்கும் அது போதுமாகவும் இருந்தது.

ஒரு லாரிக்காரர் புது வண்டி எடுத்தார். இறந்துபோன தன் அம்மாவின் முகத்தை வண்டியின் முதுகில் போடச் சொல்லி, யாரோ போனில் அனுப்பி, அவர் இன்னொருவருக்கு அனுப்பி, தேய்ந்து வந்த ஒரு சின்னப் படத்தைக் கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்தவன் நான்தான். அந்தத் திமிரோ என்னவோ, வாய் திறந்தேன். "ஆசானே, இது ஒடைஞ்சு போயிருமுங்க. மூலப் படம் கேக்கலாமுங்க. ஒருக்கா பெருசு பண்ணியாச்சும் பாக்கலாமுங்க." அவர் திரும்பாமலேயே சொன்னார்: "நாலெழுத்துப் படிச்சுட்டா எனக்கே பாடம் நடத்தறயா? பிரிண்ட் போடுறா."

பூஜைக்கு உறவுக்காரர்களோடு வந்த லாரிக்காரர் வண்டியின் பின்னால் போய் நின்றார். அங்கே அம்மா இல்லை. பழுப்பும் கறுப்புமாகக் கட்டம் கட்டமாகச் சதுரங்கள்தான் இருந்தன. அவர் கையை ஓங்கிக்கொண்டு ஆசானிடம் வந்தார். அடுத்த நொடி ஆசானின் கை என் பிடரியில் இறங்கியது. "கண்ணு தெரியாத நாயி, சொன்னதக் கேக்காமப் போட்டுட்டானுங்க." அப்பா அன்றைக்குப் பக்கத்துக் கிடங்கில் சிமென்ட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு, தோளில் சாக்குத் துணியோடு ஓடி வந்தவர் எதையும் விசாரிக்கவில்லை. லாரிக்காரரைக் கும்பிட்டு, "ஒண்ணும் தெரியாத பையனுங்க, மன்னிச்சுருங்க" என்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சூடான காற்றடித்து, பிளேடால் அந்த முகத்தைச் சுரண்டி எடுத்தேன். டிரைவர்கள் எனக்கு வைத்த பெயர் 'கட்டம்'. "டேய் கட்டம், வண்டியத் தொட்டுறாத, ஒடைஞ்சுரும்!" என்று ஓடும் லாரியிலிருந்துகூடக் கத்துவார்கள். அப்பாவை 'கட்டத்தோட அப்பன்' என்றார்கள்.

சில வருஷம் கழித்து ஆசானின் கடைக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் நான் சொந்தமாகக் கடை எடுத்தது தற்செயல் இல்லை. கம்ப்யூட்டரும் மானிட்டரும் வாங்கக் கோயம்புத்தூர் போனபோது லாரிக்காரரின் அம்மாவுடைய அந்தச் சின்னப் படத்தைப் பென்டிரைவில் எடுத்துப் போனேன். விற்பனைப் பையன் விளக்கு மின்னும் திரைகளைக் காட்டி, "கேம் ஆடினா பறக்கும் ப்ரோ" என்றான். எனக்குப் பறக்க வேண்டாம். ஒவ்வொரு திரையிலும் அந்தப் படத்தைப் போட்டு, ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். எதில் சதுரங்கள் மழுப்பலில்லாமல் தெரிகின்றனவோ அதுதான் எனக்கு வேண்டும். "நல்ல படம் இல்லீங்களா ப்ரோ?" என்று அவன் பாவமாகக் கேட்டான். கையோடு கொண்டுபோன சிவப்பு ஸ்டிக்கர் துண்டைத் திரையோடு ஒட்டிப் பிடித்து நிறம் சரிபார்த்தேன். கடைசியில் முப்பத்திரண்டு அங்குலத்தில் ஃபோர்கே திரை ஒன்றைத் தேர்ந்தேன். சாலை வெளிச்சம் பட்டாலும் கண் கூசாத மங்கல் பரப்பு. எவ்வளவு பெரிதாக்கினாலும் திணறாத கம்ப்யூட்டர். திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்ப ஓர் இரும்புக் கை. அந்தக் கைக்காகத்தான் அதிகம் அலைந்தேன். ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுக்கும்போது என் பிடரி சூடாக இருந்தது.

போன மாதம் அந்த லாரிக்காரரே வந்தார். அச்சிடும் முன்பே முழு அளவில் காட்டுகிற கடை என்று அவருடைய டிரைவர் சொன்னானாம். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார். "நீ அந்தக் கட்டமல்லோ?" மறுபடியும் புது வண்டி, மறுபடியும் அம்மா. நான் பழைய படத்தைப் போட்டு, திரையை அவர் பக்கம் திருப்பிப் பெரிதாக்கினேன். கண், மூக்கு, பொட்டு எல்லாம் சதுரங்களாயின. "இதத்தான் அன்னைக்குச் சொன்னனுங்க. சந்தேகமிருந்தா ஆசானையே கூப்பிட்டுக் கேளுங்க" என்றேன். ஊரிலிருந்து எனக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்த அப்பாவைப் போகவிடாமல் உட்கார வைத்தேன்.

லாரிக்காரர் கூப்பிட, ஆசான் சாலையைக் கடந்து வந்தார். திரையைப் பார்த்தார், வழக்கம்போல ஒரு கண்ணை மூடப் போய், மூடாமல் விட்டார். "எங்கப்பன் காதுல விழுகற மாதிரிச் சொல்லுங்க ஆசானே" என்றேன்.

"பையன் சொன்னானுங்க. நாந்தான் கேக்கல."

"அப்பறம் ஏனுங்க அவனை அடிச்சீங்க?" என்றார் லாரிக்காரர்.

"நீங்க கை ஓங்கிட்டு வந்தீங்க. யாராச்சும் வாங்கித்தான ஆகோணும்?"

அவர் அதை வெட்கப்படாமல், தொழில் நுணுக்கம் சொல்வதுபோலச் சொன்னார். மூலப் படத்தை அனுப்புகிறேன் என்று லாரிக்காரர் எழுந்து போனார். ஆசானும் போனார். போகும் அவரைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்ல வேண்டும் போலிருந்தது. மன்னித்துவிட்டாயா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இல்லை.

கடையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அப்பா கேட்டார்: "ஏஞ்சாமி, இத்தனை நாளா இத என்றகிட்டச் சொல்லிருக்கலாமல்லோ?"

"அன்னைக்கு ஊட்டுக்கு வந்ததும் சொன்னனுங்கப்பா. பெரிய மனுசன் காரணமில்லாம அடிப்பாரான்னு கேட்டீங்க."

அப்பா அந்தச் சதுரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரையை அணைக்கவில்லை.