வீட்டுக்குப் பின்னால் இருந்தவர்கள்

இதை எழுத வேண்டும் என்று நினைக்கத் தொடங்கிப் பல வருடம் ஆகிவிட்டது. பேனாவை எடுப்பேன், மூத்த மகளின் முகம் வந்து நிற்கும், வைத்துவிடுவேன். எழுதினால் அவள் வீட்டைத்தான் எழுத வேண்டும். அந்த வீட்டுக்குப் பின்னால் நாங்கள் எப்படிக் கிடந்தோம் என்றுதான் எழுத வேண்டும். "வாப்பா ஊர் சிரிக்க வெச்சிட்டார்" என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். நான் பெரிய படிப்புப் படித்தவனும் இல்லை. சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலையில் மூட்டை தூக்கி முதுகு வளைந்தவன். இப்போது கோபம் அந்தப் பயத்தை மிஞ்சிவிட்டது. அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி எழுதுகிறேன்.

கல்முனைப் பக்கத்து எங்கள் ஊர்களில் பெண்ணைப் பெற்றவன்தான் வீடு கொடுக்க வேண்டும். கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார். வீடில்லாத பெண்ணைக் கேட்டு ஒருவரும் வாசல் மிதிக்கமாட்டார்கள். எங்கள் பழைய வீட்டைக் கடல் கொண்டுபோன பிறகு நிவாரணமாக ஒரு கல்வீடு கிடைத்தது. மூத்தவளுக்குச் சம்பந்தம் வந்ததும் அதை அவள் பெயருக்கு எழுதினோம். நானும் மனைவியும் இளையவளும் வீட்டின் பின்பக்கக் குசினிச் சுவரோடு ஒரு தகரச் சாய்ப்பு இறக்கி அதற்குள் போனோம். கொஞ்ச நாளைக்கு என்று நினைத்துத்தான் போனோம்.

எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல இது. எங்கள் ஒழுங்கையில் பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளின் முன்பக்கம் மாபிள் பளபளக்கும். பின்னால் போனால் தகரமும் தென்னங்கிடுகும்தான். அதற்குள் ஒரு வாப்பாவும் உம்மாவும் இருப்பார்கள்.

வளவின் மற்றப் பக்கத்தில் இளையவளுக்கும் அத்திவாரம் போட்டேன். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்த நேரம் சீமெந்தும் கம்பியும் எங்கள் கைக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டன. சுவருக்குள் எருக்கலை முளைத்தது. பேசிவைத்த மாப்பிள்ளை வீட்டார் பொறுமையான மனிதர்கள்தான். ஆனாலும் பெருநாளைக்கு வந்தால் அந்தச் சுவரை ஒரு பார்வை பார்க்காமல் போகமாட்டார்கள். ஒருமுறை மாப்பிள்ளையின் உம்மா, "செவரு வளரல்ல, எருக்கலதான் வளருது" என்று சிரித்தார். என் மகள் குசினிக்குள் போய்த் தேங்காய் துருவத் தொடங்கினாள். சமையல் எப்போதோ முடிந்திருந்தது.

வீடமைப்புக் கந்தோருக்குப் போகாத மாதமில்லை. "ஒங்களுக்கு ஊடு தந்தாச்சே காக்கா" என்பார்கள். அது மகளுடையது என்றால், "அப்ப மகள்ட ஊட்டுல இரிங்களன்" என்பார்கள். விசாரிக்க வீட்டுக்கு வந்தவர்களும் உண்டு. எல்லாரும் ஆண்கள். எங்கள் வழக்கத்தில் அந்நிய ஆண் வீட்டின் முன் ஹோலைத் தாண்டமாட்டான். அதற்கப்பால் பெண்கள் புழங்குகிற இடம். வந்தவர்கள் ஹோலில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள், தரையைப் பார்த்தார்கள், நல்ல வீடு என்று எழுதிக்கொண்டு போனார்கள். எங்கள் மரியாதையே எங்கள் இல்லாமைக்குத் திரையாகத் தொங்கியது.

அரசாங்கம் மாறிய பிறகு எங்கள் பகுதியின் வீடமைப்புக்குத் தலைமையாகப் புதிதாக ஒருவர் வந்தார். பெண். கடற்கரையோரம் மீன் பிடிக்கிற தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். ஊர் அவரை 'மிஸ்' என்றது.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நான் அஸர் தொழுதுவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். மருமகன் அவரை ஹோலில் இருத்தியிருந்தார். மிஸ் தேத்தண்ணிக் கோப்பையோடு எழும்பினார்.

"நான் குசினிப் பக்கம் போய் அக்காவோட கதைச்சிட்டு வாறன்."

பெண் குசினிக்குப் போவதை யார் மறிப்பது? மருமகன் பதறிப் பின்னால் போனார், நானும் போனேன். மிஸ் சாய்ப்புக்கு முன்னால் நின்றார்.

"இது என்ன?"

"வெறகு வெக்கிற இடம் மிஸ்" என்றார் மருமகன்.

உள்ளே கொடியில் என் மனைவியின் தொழுகை உடுப்பு தொங்கியது. பாய்கள் சுருட்டிச் சாத்தியிருந்தன. மிஸ் குனிந்து எட்டிப் பார்க்க, நெற்றி கூரை வளையில் இடித்தது. தடவிக்கொண்டே கேட்டார்:

"விறகு தொழுமா தம்பி?"

மருமகன் கெட்டவர் இல்லை. மாமனாரை இப்படி வைத்திருக்கிறான் என்று ஒரு வெளியாள் நினைத்துவிடுவாரே என்ற வெட்கம். "அதுக்குள்ள நாங்கதான் மிஸ் இரிக்கிற" என்று நான் சொன்னேன். மூத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மிஸ் என் மனைவியிடம் திரும்பினார். "மழைக்கு எங்க அக்கா படுக்கிற?"

"மழைக்குப் படுக்கிறல்ல மிஸ். குந்தி இரிக்கிற."

அடுத்த கிழமை ஊர்க்கூட்டத்தில் அவர் எழும்பிச் சொன்னார்: "உங்கட ஊர்ல வீடில்லாத ஆக்கள் றோட்டில இல்ல. குடுத்த வீட்டுக்குப் பின்னால இருக்காங்க. இனி வீட்டு உறுதிப் பத்திரத்தில ஆர்ர பேர் இருக்கு என்டு மட்டும் பார்க்கிறல்ல. ஆர் எங்க படுக்கிற என்டும் பார்ப்பன்."

ஊர் கொதித்தது. ஜும்ஆ முடிந்ததும் பள்ளி முற்றத்தில் கூடினார்கள். கல்முனையில் கடைகளும் வாடகைக்கு விட்ட வீடுகளும் உள்ள ஹாஜியார் ஒருவர்தான் முதலில் கதைத்தார்.

"நம்மட குசினிக்குள்ள பூந்து மானத்த வாங்கிட்டா. அவவ மாத்தச் சொல்லி மேல அறிவிக்கணும்."

"அவ நம்மட ஆளும் இல்ல" என்றார் பள்ளி நிர்வாகத்து மரைக்கார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "நம்மட ஆக்கள் இவ்வளவு காலமும் வந்தாங்கதானே. தேத்தண்ணி குடிச்சதத் தவிர என்ன செஞ்சாங்க?"

"ஒனக்கு ஊடு வேணும் எண்டு ஊர விக்கிறியா?"

"விக்கிறத்துக்கு எனக்கிட்ட என்ன இரிக்கி ஹாஜியார்? ஊர்ல பாதி ஒங்கடதானே."

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மஹர் குடுத்துப் பொண்ணெடு எண்டுதான் மார்க்கம் சொல்லிரிக்கி. ஊடு கேளு எண்டு எங்க சொல்லிரிக்கி? கேட்டு வாங்கின ஊட்டுக்குப் பின்னால பெத்தவங்களப் போட்டது மானம், அதப் பார்த்தது மானக்கேடா?"

ஹாஜியார் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. சாய்ப்புக்குள் படுக்கிற என் வயதுக்காரர்கள் அந்த முற்றத்தில் நிறையப் பேர் நின்றார்கள். ஒருவராவது வாய் திறக்கவில்லை. குனிந்து செருப்பைத் தேடினார்கள். அதுதான் என்னைச் சுட்டது.

முறைப்பாடு மேலே போனது. விசாரிக்க இரண்டு பேர் வந்தார்கள், திரும்பவும் ஆண்கள். மரைக்கார்தான் கூட்டி வந்தார். எங்கள் ஹோலில் இருந்தார்கள், மூத்தவள் தேத்தண்ணி ஊற்றினாள். "இந்தப் பக்கம் பின்னால ஒருத்தரும் இல்ல சேர். அந்த மிஸ் கதை கட்டுறா" என்றார் மரைக்கார். மிஸ்ஸை மாற்றிவிட்டால் எங்களைப் பார்க்க இனி எவரும் வரப்போவதில்லை, இளையவளின் சுவர் எருக்கலைக்குத்தான் என்று எனக்கு விளங்கியது. மறுத்துச் சொல்ல வாய் எடுத்தேன்.

அப்போது வீட்டின் பக்கவாட்டில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. என் மனைவி. வெளி ஆண்கள் வந்தால் நிழலைக்கூடக் காட்டாதவள். முகத்தை மூடிக்கொண்டு, இளையவளோடு சேர்ந்து, சாய்ப்புக்குள் இருந்த எல்லாவற்றையும் முன் வாசலுக்கு இழுத்து வந்தாள். பாய்கள், அடுப்பு, கரி பிடித்த பானை. குர்ஆனை மட்டும் நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"பொறகால வர ஒங்களுக்கு வெக்கமெண்டா வர வேணாம் சேர். நாங்க முன்னுக்கு வந்திரிக்கம். பாருங்க."

மூத்தவள் தட்டத்தை வைத்துவிட்டு வெளியே போய் உம்மாவின் பாயில் அமர்ந்தாள். மருமகன் எழும்பினார். பின்னால் போய், மிச்சமிருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்து அவர்களுக்குப் பக்கத்தில் வைத்தார். "ஓம் சேர். மாமாவும் மாமியும் பின்னாலதான் இரிக்கிற. வெறகு இல்ல" என்றார்.

எதிர்வீட்டுப் படலை திறந்தது. அந்த வீட்டு உம்மாவும் ஒரு பாயோடு வந்தார். பிறகு கடைசி வீட்டார். எல்லாரும் வரவில்லை. வராத படலைகளை நான் மறக்கவும் இல்லை.

மிஸ்ஸை மாற்றவில்லை. இளையவளின் வீட்டுக்கு உதவி வந்தது. முழுதாக இல்லை, சுவர் எழும்பிவிட்டது, கூரை இன்னும் பாக்கி. எருக்கலையை என் மகளே பிடுங்கி எறிந்தாள். மிஸ்ஸுக்காக நான் தொழுகையில் துஆக் கேட்கிறேன். அவர் பிழை விட்டால் கந்தோர் வாசலில் போய் நின்று கேட்கவும் செய்வேன். ஆதரவு என்றால் எனக்கு அதுதான்.

ஆனால் இப்போது ஊரில் வேறு கதை ஓடுகிறது. மகள் வீட்டில் எங்களுக்குத் தனி அறை இருந்ததாம், மிஸ் சொல்லிக் கொடுத்துத்தான் பாயை இழுத்தோமாம். அதைக் கேட்ட அன்றுதான் எடுத்த பேனாவை வைக்காமல் எழுதத் தொடங்கினேன். மூத்தவளிடம் கேட்டேன். "எழுதுங்க வாப்பா" என்றாள்.

வாசிக்கிறவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், எங்கள் மேல் இரக்கப்பட்டு எதையும் மாற்றிவிடாதீர்கள். சாய்ப்பை அறை என்று சொல்லாதீர்கள். வீடு கொடுத்தவனை வீடுள்ளவன் என்று சொல்லாதீர்கள். மழைக்கு நாங்கள் படுக்கவில்லை, இருந்தோம். அதையும் அப்படியே சொல்லுங்கள்.