அடிப்பக்கத்து நான்கு விரல்கள்

உடைந்த பீங்கானை ஒட்டுகிற தொழிலில் ஒரு விசேஷம்: கொண்டுவருகிற யாருமே அதை உடைத்தவர்கள் இல்லை. பூனை, காற்று, வெள்ளையடிக்க வந்தவர், இப்படி யாராவது உடைத்திருப்பார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? வில்லியனூரில் கடை போட்ட நாளிலிருந்து நான் இதே கதையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

வேர் அழுகிய ஜாடி

எங்கள் பக்கம் ஓவிய வாத்தியார் ஒருவர் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சொந்தமாகச் சூளை போட்டு, கல்லாக இறுகுகிற ஸ்டோன்வேர் பூ ஜாடிகள் செய்தார். அவர் உயிரோடு இருந்தவரை அவற்றை யாரும் சீண்டவில்லை. காலமான பிறகு சென்னையிலிருந்தெல்லாம் வந்து, அடியில் அவருடைய இலை முத்திரை இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்து வாங்குகிறார்கள்.

அரியாங்குப்பத்துக்காரர் ஒருவர் அந்த ஜாடிகளில் ஒன்றைக் கொண்டுவந்தார். முத்திரை இருக்கவேண்டிய இடத்தில் பென்சில் நுழைகிற ஓட்டை. ஓட்டையை அடைத்துவிடலாம், முத்திரைக்கு நான் எங்கே போவேன்? எப்படி ஆச்சு என்று கேட்டேன். “மணி பிளான்ட் வச்சோம் சார், தண்ணி தேங்கி வேரு அழுகிப்போச்சு. ட்ரில்லிங் மிஷினு வூட்லயே இருந்துது.”

விளிம்பில் ஒரு சில்லு

பண்டசோழநல்லூர் அஞ்சலையம்மா பஸ்ஸில் வந்தார். மடியில் பழைய புடவை சுற்றிய ஜாடி. அதுவும் வாத்தியாருடையதுதான், பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். வாய் விளிம்பில் நகத்தளவு சில்லு பெயர்ந்திருந்தது. அவருடைய கணவர் வாத்தியாரின் சூளையில் வேலை பார்த்தவர், இப்போது உயிரோடு இல்லை. விலை கேட்டு வந்தவர்களை எல்லாம் அந்தம்மா வாசலோடு அனுப்பிவிட்டாராம். ஜாடியை என்னிடம் கொடுத்துவிட்டு, படி இறங்கும்போது திரும்பிச் சொன்னார்: “வாய மட்டும் பாருப்பா. வேற எங்கியும் கை வெக்காத.”

கேட்காமல் செய்த உபகாரம்

கூலி ஏறிவிடுமோ என்ற பயத்தில் சொல்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஜாடியின் அடிப்பக்கத்தில் நான்கு இடங்களில் பளபளப்பான மேல்பூச்சு படாமல் வெறும் மண் தெரிந்தது. அவை அவர் கணவரின் விரல்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. வேலையில் விழுந்த குறை என்றுதான் பட்டது. சின்ன மிஷினால் தேய்த்து, பசை நிரப்பி, நிறம் சேர்த்து நான்கையும் மறைத்தேன். அதுவும் இலவசமாக!

ஜாடிகள் சேர்க்கிற டவுன்காரர் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. “இன்னா சார் இது, வாத்தியாரு இப்பதான் சூளையிலேர்ந்து எடுத்து வச்சாப்ல இருக்குது!”

தேடிய கை

அஞ்சலையம்மா வந்து ஜாடியை வாங்கியதும் வாயைப் பார்க்கவே இல்லை. கை நேராக அடிப்பக்கம் போனது. நான்கு விரல்களும் எதையோ தேடி வழுக்கின. பிறகுதான் சொன்னார். ஜாடியை மேல்பூச்சுக் கலவையில் முக்கி எடுப்பது அவர் கணவரின் வேலை. அடியைப் பிடித்திருக்கும் விரல் பட்ட இடத்தில் பூச்சு ஏறாது. மனிதர் கை பட்டது தெரியட்டும் என்று வாத்தியாரும் அதை மறைக்க விடமாட்டாராம். அந்த நான்கு இடங்களில் தன் விரல்களைப் பொருத்திக்கொண்டுதான் அந்தம்மா தினமும் ஜாடியைத் துடைப்பாராம்.

எனக்கு அவமானமாக இருந்தது. அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. “வாய ஒட்டச் சொன்னா, அவரு கைய எடுத்துட்டியேப்பா.”

மூன்று

நான் பூசியது சூளையில் சுட்டதல்ல, அதனால் பிழைத்தேன். தின்னரும் பஞ்சுமாக இரண்டு நாள் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். மூன்று விரல்கள் அப்படியே திரும்பி வந்தன. சுண்டு விரல் இருந்த இடத்தில் மட்டும் சுற்றியிருந்த பூச்சையும் சேர்த்து முன்பே தேய்த்துத் தள்ளியிருந்தேன். அங்கே விரல் வடிவம் இல்லை, ஒரு சொறி மாதிரி வெறும் மண்தான் இருந்தது. அதைத் திருப்பிக் கொண்டுவர என்னால் முடியாது, யாராலும் முடியாது. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அஞ்சலையம்மா மூன்று விரல்களை வைத்துப் பார்த்தார். சுண்டு விரல் கொஞ்ச நேரம் அந்த இடத்தில் தடவிக்கொண்டே இருந்தது. பிறகு அந்த விரலை மட்டும் மேலே தூக்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்த்து, எனக்காகவே சொல்வதுபோல் சொன்னார்: “போவுது வுடு. டீ கிளாஸ் புடிக்கறப்பகூட அவரு சுண்டு விரல தூக்கிக்கினுதான் புடிப்பாரு.”

அதற்குப் பிறகு யார் எதைக் கொண்டுவந்தாலும், உடைந்த இடத்தை நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன், நான் தொடக் கூடாத இடத்தை மட்டும் முதலில் காட்டிவிடுங்கள் என்று கேட்டு, பாதிப் பேரைப் பயமுறுத்தி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.