சாவியை எடுத்தும் நிற்காத இன்ஜின்

அந்தக் கல்குவாரியில் அவளை எல்லோரும் லோடரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். உடைத்த கல்லை அள்ளி லாரியில் கொட்டுகிற லோடர் வண்டியை ஓட்டுகிறவள். வண்டி அவள் அண்ணனுடையது. கட்டியவன் வேறொருத்தியோடு போய்விட்ட பிறகு அவள் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். பழைய டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனபோது, "சும்மா உக்காந்து திங்கிறதுக்கு இதையாவது கத்துக்கோ" என்று அண்ணன் அவளை ஏற்றிவிட்டான். அவளுக்கு வண்டி சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. பக்கெட் நிறையக் கல்லை, கூடையில் முட்டை வைப்பதுபோல லாரித் தொட்டியில் இறக்குவாள். வெளியாட்கள் எதிரில் அவள் அண்ணனுக்கு "என் தங்கச்சி". மற்ற நேரமெல்லாம் "ஏய்".

வேலை முடிந்த கையோடு அவள் இன்ஜினை நிறுத்த மாட்டாள். காற்றை உறிஞ்சி இன்ஜினுக்குள் தள்ளுகிற டர்போ அந்நேரம் பழுக்கக் காய்ந்திருக்கும். பட்டென்று சாவியைத் திருப்பினால் எண்ணெய் ஓட்டம் நின்றுபோகும். உள்ளே தங்கிய எண்ணெய் தீய்ந்து கரியாகும். அந்தக் கரி, தண்டைத் தாங்கும் பேரிங்கைத் தின்னும். அதனால் கொஞ்ச நேரம் மெதுவாக ஓடவிட்டு, சத்தம் அடங்கிய பிறகே நிறுத்துவாள். அண்ணனின் கண்ணுக்கு அது டீசல் எரிவதாக மட்டுமே தெரிந்தது. ஒருநாள் விறுவிறுவென்று ஏறிவந்து, அவள் மடிக்குக் குறுக்கே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினான்.

"ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்க முடியாதாண்ணே?" என்றாள் அவள், சிரித்தபடிதான்.

"பழமொழியெல்லாம் உன் புருஷன்கிட்ட சொல்லியிருந்தா அவனாவது நின்னிருப்பான்."

கீழே நின்ற ஆட்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு வேலை முடிகிற நேரம் பார்த்து அவனே வந்து சாவியைப் பிடுங்க ஆரம்பித்தான்.

எண்ணெய் விஷயத்திலும் அதே கதைதான். சீல் போட்ட டப்பா வருவது நின்று, பெயர் ஒட்டாத பீப்பாய் வந்தது. எங்கோ வடித்தெடுத்த பழைய எண்ணெய். விரலில் தொட்டுத் தேய்த்தால் தண்ணீராக வழுக்கியது. நாளடைவில் புகைபோக்கியிலிருந்து நீலப்புகை கிளம்பியது. காலையில் ஊற்றிய எண்ணெய் மாலையில் குறைந்தது. டர்போவுக்குக் காற்று வரும் ரப்பர் குழாயை அவள் கழற்றிப் பார்த்தாள். உள்சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. உள்ளே இருந்த டர்போ சக்கரத்தை விரலால் அசைத்தால் ஆடியது.

"டர்போ தண்டு ஆடுதுண்ணே. எண்ணெய் காத்துவழியா இன்ஜினுக்குள்ள போகுது. ரெண்டு நாள் வண்டிய நிறுத்தி மாத்திடலாம்."

"குறைஞ்சா ஊத்து. அதுக்குத்தானே உன்னை வச்சிருக்கேன்?"

"எண்ணெயையே குடிச்சு இன்ஜின் தறிகெட்டு ஓட ஆரம்பிச்சா நிறுத்த முடியாதுண்ணே."

"அப்ப நீயும் நிறுத்தாம ஓட்டு. ரெண்டு லோடு கூட வரும்."

அவள் ஊற்றினாள். வீட்டில் மறுபேச்சு பேசினால் அண்ணி தட்டைத் தரையோடு தள்ளிவிடும் சத்தம் அவளுக்குத் தெரியும்.

அது நடந்தது ஒரு முற்பகலில். பக்கெட்டைத் தூக்கும்போது இன்ஜின் தானாகவே உறுமி ஏறியது. மிதியிலிருந்து காலை எடுத்தாள், சத்தம் இறங்கவில்லை. சாவியைத் திருப்பி வெளியே எடுத்தாள். சாவி கையில் இருக்க, இன்ஜின் ஊளையிட்டது. வெள்ளைப்புகை குவாரியையே மூடியது. லாரிக்காரர் ஒருவர், பீடிக்காரர் என்று பெயர் வாங்கிய பெரியவர், கீழே குதித்து, "இறங்கி ஓடும்மா, வெடிக்கப் போகுது!" என்று கத்தினார். ஆட்கள் ஆளுக்கொரு திசையில் சிதறினார்கள்.

அவளும் இறங்கி ஓடத்தான் செய்தாள். அண்ணன் எதிரே வந்து மறித்தான்.

"எங்கடி ஓடுற? இன்ஜின் போச்சுன்னா உன்னை வித்தாலும் ஈடாகாது. காத்து போற வாய அடை, நின்னுடும்! போ!"

அவள் தோளைப் பிடித்துத் திருப்பித் தள்ளினான். தான் ஓரடி முன்னே வரவில்லை. அடைப்பதற்குப் பலகையோ தகடோ பக்கத்தில் இல்லை; தீயணைப்பு உருளை காலியாகி வருஷமாகியிருந்தது. தரையில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஏற்கெனவே கிழிந்து கம்பி சுற்றியிருந்த ரப்பர் குழாயைப் பிய்த்து எறிந்தாள். டர்போவின் திறந்த வாயில் சாக்கை வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். டர்போ சாக்கை இழுத்தது. சாக்கோடு கையையும் இழுத்தது. சாக்கு உள்ளே போய் வாயை அடைத்ததும் இன்ஜின் இருமித் திணறி நின்றது. வலக்கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. நடுவில் ஒன்றுமில்லை.

அண்ணன் ஓடிவந்தான். அவளைத் தாண்டிப்போய் எண்ணெய் அளவு பார்க்கும் கோலை உருவிப் பார்த்தான். பெருமூச்சு விட்டான்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. இன்ஜின் தப்பிச்சுது."

பீடிக்காரர்தான் தன் துண்டால் அவள் கையைச் சுற்றி, தன் லாரியிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். பின்னாலேயே வந்த அண்ணன் டாக்டரிடம், "வீட்ல மோட்டார் ஃபேன்ல கைய விட்டுட்டா" என்றான். டாக்டர் அவளைப் பார்த்தார். அண்ணன் அவள் காதருகே குனிந்து, "உனக்கு வேற வீடு இருக்கா?" என்று கேட்டான். அவள் டாக்டரிடம் ஆமாம் என்று தலையசைத்தாள். பீடிக்காரர் வாயைத் திறக்கப் போய், மூடிக்கொண்டார். அவருக்கும் அந்தக் குவாரியில்தான் பிழைப்பு.

அதன்பின் அவள் வீட்டில் கணக்கில் சேராத ஆளானாள். இடக்கையால் பாத்திரம் தேய்த்தாள். நழுவி ஒன்று உடைந்தால், "இருக்கிற கையாவது ஒழுங்கா இருக்கக் கூடாதா?" என்பாள் அண்ணி. வண்டிக்குப் புது டர்போ வந்தது, நல்ல எண்ணெய் வந்தது, புது டிரைவர் வந்தான். அவன் இன்ஜினை ஆறவிட்டு நிறுத்தினான். அண்ணன் குறுக்கே கை நீட்டவில்லை. காயம் ஆறியதும் அவள் ஒருநாள் குவாரிக்குப் போய், லீவரை உள்ளங்கையால் தள்ள முடியும் என்று சொன்னாள். அண்ணன் ஆட்களைக் கூப்பிட்டு அதைத் திரும்பச் சொல்லச் சொன்னான். அவள் சொன்னாள். அவர்கள் சிரித்து முடியும்வரை நின்றுவிட்டுத் திரும்பினாள்.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அண்ணன் லோடரை விற்கக் கிளம்பினான். வாங்க வந்தவர் வண்டியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொண்டுவந்தவளைக் காட்டி, "என் தங்கச்சிதான் ஓட்டுனா. குழந்தை மாதிரி பாத்துக்கிட்டா" என்றான் அண்ணன்.

வந்தவர் அவளிடம் திரும்பினார். "அப்படியாம்மா? இன்ஜின்ல கோளாறு ஏதும் வந்ததில்லையே?"

செம்பை அவள் இடக்கையில்தான் பிடித்திருந்தாள். முந்தானைக்குள் மறைத்திருந்த வலக்கையை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"வந்துச்சுங்க. வடிச்ச எண்ணெயில ஓடின இன்ஜின். தறிகெட்டு ஓடிச்சு. இது அன்னைக்குப் போனது."

வந்தவர் தண்ணீரைக் குடிக்காமலே எழுந்துபோனார்.

அண்ணன் அடிக்கவில்லை. உள்ளே போய் அவள் துணிமணிகளை ஒரு மூட்டையாகக் கட்டித் தெருவில் வைத்தான். "உண்மை பேசுறவங்க வெளியதான் இருக்கணும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். அக்கம்பக்கத்தார் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். ஒருவரும் இறங்கி வரவில்லை.

லோடர் பத்து நாளில் வேறொருவனுக்கு விலைபோனது. அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம்.

இப்போது அவள் கனரக வண்டிகள் கழுவும் ஒரு ஷெட்டில் இருக்கிறாள். தண்ணீர் பீய்ச்சும் குழலை வலது அக்குளில் இடுக்கி, இடக்கையால் திருப்பிச் சேறு அடிக்கிறாள். ஷெட்டுக்குப் பின்னால் தகர அறை. படுத்தால் கால் சுவரில் இடிக்கும். ஒரு மாலை அண்ணி அங்கே தேடி வந்தாள். தன்னை வீட்டுக்குக் கூப்பிட வந்திருக்கிறாள் என்றே லோடரக்கா நினைத்தாள். அவசர அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு, "உள்ள வாங்கண்ணி, உக்காருங்க" என்றாள்.

அண்ணி உட்காரவில்லை. அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அன்னைக்கு மூட்டையில ஒரு போர்வை சேர்ந்து வந்துடுச்சு. அது நம்ம வீட்டுது."

லோடரக்கா படுக்கையிலிருந்து போர்வையை உருவி, ஒரு கையால் மடிக்கப் பார்த்து, முடியாமல் சுருட்டிக் கொடுத்தாள். அண்ணி அதை உதறி, நான்காக மடித்து, அக்குளில் வைத்துக்கொண்டு போனாள்.